கொரிய ஊசியும் வெள்ளவத்தைப் ‘பாப்ப’மும்

எனக்குப் பதிலாக இப்போது ஒரு போன் வேலை செய்கிறது. வெள்ளவத்தையில் நான் கடைசியாக வேலை பார்த்த கொரிய வைத்திய நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் டொக்டர் அதனிடம் கொரிய மொழியில் பேசுவார். அது நோயாளியிடம் தமிழில் ஒப்புவிக்கும். அங்கே உதவிக்கு நிற்கிற பிள்ளைகள் இரண்டு பேர் போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். செருப்பைக் கழற்ற முதலே சிரிப்பு.

“அக்கா, வாய் கோணின ஐயா ஒராளிட்ட அந்தப் போன் ‘தாங்கள் நெற்றியை உயர்த்தவும்’ எண்டு சொல்லிச்சுது. மனுசன் கட்டிலை விட்டு எழும்பி நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டிட்டார்.”

“கொடி ஏத்துகினம் எண்டு நினைச்சிருப்பார்” என்றாள் மற்றவள்.

“நீங்க இதை எப்பிடி அக்கா சொல்லுவீங்க?”

“இண்டைக்குத் தங்கம் என்ன விலை தெரியுமா எண்டு கேளுங்க. அவங்க யோசிக்கிறதுக்குள்ள நீங்களே ஒரு விலையைக் கூட்டிச் சொல்லுங்க. நெத்தி தானா ஏறும்.”

இதையெல்லாம் எழுதித் தந்தால் உதவியாக இருக்கும் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: என் கொரிய மொழிக்கும் வைத்திய அறிவுக்கும் சான்றிதழ் கிடையாது. இரண்டையும் காதால் படித்தவள் நான்.

மொழியைப் படித்தது கட்டுநாயக்கவில், ஓர் ஆடைத் தொழிற்சாலையில். முதல் நாள் கொரிய மேலாளர் எங்கள் தையல் வரிசைக்கு முன்னால் நின்று “பல்லி, பல்லி” என்று கத்தினார். தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் தைப்பதை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தோம். ஒருத்தி எழுந்து பாவாடையையே உதறினாள். ‘சுறுக்காகச் செய்’ என்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல் அது என்று விளங்குவதற்குள் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் விடவில்லை. அவர்கள் எங்களைத் திட்டத் திட்ட, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து வைத்துக்கொண்டேன். சில வருடங்களில் மேலாளருக்கும் பெண்களுக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலையே எனக்கு வந்தது. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது தையல் கையும் திட்டு நிறைந்த கொரிய மொழியும்தான் என்னிடம் மிச்சம்.

கொரியாவிலிருந்து ஒரு பாரம்பரிய வைத்தியர் வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறார், மொழி தெரிந்த பெண் தேவையாம் என்று கோயிலில் ஒருவர் சொல்லக் கேட்டுப் போனேன். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை, மேல்மாடி. உள்ளே நரைத்த தலையுடன் ஒருவர் கதிரையில் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த மொழியில் அது, “கீழே இறங்கு. உட்காரு. எங்கே டொக்டர்?” என்று வந்தது.

அவர் இறங்கினார். உட்கார்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, “நான்தான்” என்றார்.

அவர்தான் டொக்டர் ஹான். கொரிய மொழியில் வசனத்தின் முடிவில் ‘யோ’ என்று ஒட்டினால் மரியாதை. தொழிற்சாலையில் எங்களுக்கு யாரும் ‘யோ’ போட்டதில்லை. ஆகையால் என்னிடமும் அது இல்லை. முதல் நாளே அதைச் சொல்லித் தந்தார். பதிலுக்கு நான் ‘வாங்கோ, இருங்கோ, கண்ணை மூடுங்கோ’ சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்குக் ‘கோ’, எங்களுக்கு ‘யோ’ என்று சொல்லிச் சந்தோசப்பட்டார். கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்கே வெள்ளவத்தைத் தமிழின் ‘ங்கோ’ ஒரு பாதி இரவல் சாமான்தான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

முதுகு வலி, முழங்கால் வலி என்று எல்லோரும் வந்தாலும், எங்கள் இடத்துக்குப் பெயர் வந்தது முகவாதத்தால்தான். ஒருவர் காலையில் எழுந்து வாய் கொப்பளிப்பார்; தண்ணீர் ஒரு பக்கத்தால் வழியும். கண்ணாடியைப் பார்த்தால் பாதி முகம் விழுந்திருக்கும். ஒரு கண் மூடாது. வலி பெரிதாக இராது, பயம் மட்டும் நிறைய இருக்கும். தங்களுக்கு நடந்ததை அவர்கள் சொல்கிற விதத்தைக் கேட்கவே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. “முகத்தில பாதி லீவு போட்டுட்டுது” என்றார் ஒரு அரசாங்க எழுதுவினைஞர். “தேத்தண்ணி என்னைக் கேக்காமலே வெளியில வருது” என்றார் இன்னொருவர். ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, “டொக்டர் ஐயாகிட்ட சொல்லு புள்ள, இந்தப் பக்கம் கரண்ட் போயிருச்சு, அந்தப் பக்கம் எரியுதுன்னு” என்றார். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். டொக்டர் வெகு நேரம் தலையாட்டினார். எந்தப் புத்தகத்திலும் இதைவிட நன்றாகச் சொல்லவில்லை என்றார்.

அவர் வேலை செய்யும் முறையை இந்தப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். ஊசியைத் தொட முதல் அவர் கேட்கிற கேள்வி, பெரியாஸ்பத்திரிக்குப் போனீர்களா என்பதுதான். போகாதவரை அன்றே அனுப்புவார். முகவாதத்துக்கு முதல் சில நாட்களில் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற குளிசை முக்கியம். அதை நிறுத்திவிட்டு வந்தவர்களை மட்டும்தான் அவர் ஏசி நான் பார்த்திருக்கிறேன். பிறகு காதுக்குள்ளே விளக்குப் பிடித்து, கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு புருவத்தைத் தூக்கச் சொல்வார், கண்ணை மூடச் சொல்வார், கன்னத்தை ஊதச் சொல்வார், பல்லைக் காட்டச் சொல்வார். அவர் செய்து காட்டுவார், நான் சொல்வேன், நோயாளி செய்வார். அந்த நேரம் யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்று பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள்.

முதல் ஊசி முகத்தில் போடமாட்டார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதையில் போடுவார். மயிரிழை மாதிரி ஊசி; ஒருவருக்குப் போட்டால் எறிந்துவிடுவது. கையில் போட்டதும் ஆள் “இவ்வளவுதானா” என்று மூச்சு விடுவார். அதற்குப் பிறகுதான் காதுக்குப் பின்னால், கன்னத்தில், வாயோரம், புருவ முனை. ஒவ்வொரு தடவையும் குனிந்து “அபாயோ?” என்பார். கொரிய மொழியில் ‘நோகுதா’ என்று அர்த்தம். யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் அதைக் கேட்டு, கண்ணைத் திறக்காமலே, “அபாயமோ எண்டு என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்? அவரல்லோ சொல்ல வேணும்” என்றார்.

இன்னொன்று. எங்கள் ஒழுங்கையின் கடற்கரை முனையில் தண்டவாளம். ரயில் போனால் மேல்மாடி அதிரும், கட்டில் கால் நடுங்கும். தூரத்தில் சத்தம் கேட்டவுடனே டொக்டர் ஊசியைப் பிடித்த கையை மேலே எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ரயில் பம்பலப்பிட்டிப் பக்கம் போய், அதிர்வு முழுதாக அடங்கிய பிறகுதான் கை இறங்கும். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி. ‘பல்லி பல்லி’ என்று ஒரு நாளும் சொல்லாத கொரியரை நான் முதன்முதலாகக் கண்டது அங்கேதான்.

நெற்றி ஏன் முக்கியம் என்று சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு நாள் கொச்சிக்கடையில் துறைமுக வேலை செய்கிற ஒருவர் தன் தாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மாவின் வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. வழக்கம் போலத் தங்கம் விலை கேட்டேன். “அடி ஆத்தி, அவ்வளவா?” என்று அந்த அம்மா புருவத்தைத் தூக்கினார். நெற்றி இரண்டு பக்கமும் அழகாகச் சுருங்கியது.

எனக்கு அது நல்ல செய்தி போலத்தான் தெரிந்தது. டொக்டர் ஊசித் தட்டைத் தள்ளி வைத்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். ஒரு கை மெல்ல மெல்லக் கீழே போனது. முகத்து நரம்பு கெட்டால் நெற்றியும் சேர்ந்து விழும். நெற்றி நன்றாக இருந்து வாய் மட்டும் இழுத்தால் கோளாறு மூளையில் இருக்கலாம். இதை எனக்கு அவர் விளக்கியது பிறகு. அந்த நிமிடம் “ஆஸ்பத்திரி, இப்போதே” என்று மட்டும்தான் சொன்னார்.

மகன் எழும்பவில்லை. “அக்கா, ஊசி போட்டா சரியாவும்னு சொல்லித்தானே இம்புட்டுத் தூரம் வந்தோம். ஒண்ணே ஒண்ணு போடச் சொல்லுங்களேன்.”

“தம்பி, இது முகம் இல்ல, மூளை. நீங்க என்கிட்ட கதைக்கிற ஒவ்வொரு நிமிசமும் அம்மாட கணக்கில போகுது. ஓட்டோ போயிட்டுதா, நிக்கிதா?”

அவர் விளங்கிக்கொள்வதற்குள் டொக்டர் அந்த அம்மாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியிறங்கத் தொடங்கிவிட்டார். மெல்லிய மனிதர், அம்மாவோ நல்ல கனம். அம்மா பிழைத்தார். பல மாதம் கழித்துக் கைத்தடியுடன் வந்து, “அன்னைக்குத் தூக்கிட்டுப் போன மனுசன், இன்னைக்கு ஏன் தூக்கல?” என்று மேல்படியில் நின்று சண்டை பிடித்தார்.

ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது மோகன் அண்ணையின் கதை.

காலி வீதியில் ஒரு பெரிய சேலைக் கடை. அதில் முன் கவுண்டரில் நின்றவர் அவர். வெள்ளவத்தையில் கலியாணச் சேலை எடுத்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இராது. சேலையைத் தன் தோளிலேயே போட்டு, மடிப்பு மடிப்பாகக் கொய்யகம் பிடித்து, “இதை உடுத்துக்கொண்டு நீங்க மண்டபத்துக்குள்ள போனா, கலியாணப் பொம்பிளையை ஒருத்தரும் பாக்க மாட்டினம் அம்மா” என்று மாப்பிள்ளையின் தாயிடம் சொல்லி, அதே சேலையை மணப்பெண்ணின் தாயிடம் வேறு விதமாகச் சொல்கிற வாய். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யாருக்கு வயது கூட என்று இருவருமே கேட்கவில்லை.

அந்த வாய்தான் விழுந்தது. ஆஸ்பத்திரிக் குளிசை முடித்துக்கொண்டு, முகக்கவசம் போட்டபடி எங்களிடம் வந்தார். கழற்றியபோது பார்த்தேன், அவ்வளவு மோசமான முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கத்தில் அசைவென்று ஒன்றுமே இல்லை. கண் திறந்தபடி. கடை முதலாளி கெட்டவர் அல்ல. ஆனால் வியாபாரி. “மோகன், முகம் சரியாகுமட்டும் மேல ஸ்டோரில நில்லும்” என்று சொல்லிவிட்டார். கீழே அவருடைய இடத்தில் ஒரு இளம் பொடியனை நிறுத்திப் பழக்கிக்கொண்டிருந்தார். தீபாவளி வரப்போகிறது. அந்தச் சீசனில் கவுண்டர் யாருடைய கையில் இருக்கிறதோ, அது அவருடையதாகவே போய்விடும். இது மோகன் அண்ணைக்குத் தெரியும்.

பல தடவை வந்தார். ஊசி, சூட்டு விளக்கு, கஷாயப் பை, வீட்டில் செய்யும் கன்னப் பயிற்சி, படுக்கும்போது கண்ணுக்கு மருந்து விட்டு ஒட்டுகிற நாடா, எல்லாம் சொன்னபடி. முகம் அசையவில்லை. ஒரு நாள் ஊசியெல்லாம் எடுத்த பிறகு எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

“டொக்டரிட்டக் கேளுங்கோ அக்கா. தீபாவளிக்கு முதல் நான் கீழ நிக்கலாமோ?”

கேட்டேன். டொக்டர் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு சொல் சொன்னார். அது அவர் எல்லோருக்கும் சொல்கிற சொல். குணமாகும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. குணமாகாது என்றும் சொன்னதில்லை. நேரே தமிழாக்கினேன்.

“பாப்பம் எண்டு சொல்லுறார்.”

மோகன் அண்ணை தலையாட்டினார். முகக்கவசத்தைப் போட்டார். டொக்டருக்கு இரண்டு கையும் குவித்துக் கும்பிட்டார். அடுத்த முறை வரவில்லை.

டொக்டர் ஹானிடம் ஒரு பழக்கம் இருந்தது. வரவேண்டியவர் வராவிட்டால் அவருடைய கட்டிலை அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டார். அந்த நேரம் முடியும் மட்டும் கட்டில் வெறுமையாகக் கிடக்கும். அவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அன்று வெளியே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த முறையும் அதே வெறுங்கட்டில். டொக்டர் என்னிடம், “சேலைக்காரர் கண்ணை ஒட்டுகிறாரா?” என்று கேட்டார். முகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கண்ணைப் பற்றிக் கேட்டார். நான் குடையை எடுத்தேன்.

கடையில் மேல்மாடிக்குப் போகப் பின்பக்கப் படி. மோகன் அண்ணை பெட்டிகளுக்கு நடுவில் இருந்து சேலைக்கு விலைச்சீட்டுக் குத்திக்கொண்டிருந்தார். முகக்கவசத்துக்கு மேலே அந்தக் கண் மிளகாய் பட்டது போலச் சிவந்திருந்தது.

“என்ன அண்ணை, எங்களை மறந்திட்டீங்க.”

“நான் ஏன் மறக்கிறன் அக்கா. நீங்கள்தானே விட்டிட்டியள்.”

“யார் விட்டது?”

“டொக்டர் பாப்பம் எண்டிட்டார். அதுக்குப் பிறகும் வந்து கரைச்சல் குடுக்கிறது மரியாதை இல்லை.”

எனக்கு விளங்கவில்லை. அவர் குண்டூசியைக் கீழே வைத்தார்.

“அக்கா, நான் இந்தக் கடையில எத்தினை வருசம் நிண்டனான். இருவது வீதம் கழிச்சுத் தாங்கோ எண்டு கேக்கிற சனத்துக்கு நான் என்ன சொல்லுறனான்? இல்லை எண்டு மூஞ்சையில அடிச்ச மாதிரிச் சொன்னால் அடுத்த முறை வராயினம். பாப்பம் அம்மா எண்டு சொல்லுவன். அவைக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும். நான் சம்பளம் கூட்டிக் கேட்டால் முதலாளி எனக்குச் சொல்லுறதும் அதுதான். பாப்பம் எண்டால் இல்லை. எனக்கே அதை விக்கப் பாக்கிறியளே?”

படியில் நின்றபடி நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடம். ஆனால் வெள்ளவத்தை முழுவதும் ஓடுகிற அந்தச் சொல்லை, கொரியாவிலிருந்து வந்த ஒருவரின் வாயில் கொண்டுபோய் ஒட்டிவிட்டேனே என்று நினைக்க அடக்க முடியவில்லை. பிறகு அவருடைய கண் மறுபடி தெரிந்தது.

“நாடா ஒட்டுறனீங்களா?”

“என்னத்துக்கு?”

“அண்ணை, முகத்தைப் பிறகு கதைப்பம். கண்ணுக்குப் பிறகு எண்டு ஒண்டு இல்ல. எழும்புங்க.”

“கடை நேரம்...”

“முதலாளிக்கு நான் சொல்றன். எழும்புங்க.”

முதலாளியிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கே ஞாபகமில்லை; தொழிற்சாலையில் படித்த தொனியில் சொல்லியிருப்பேன். அவர் மோகன் அண்ணையை என்னோடு அனுப்பினார். டொக்டர் கண்ணைப் பார்த்தார். ஏசவில்லை. அன்றே கண் வைத்தியரிடம் அனுப்பினார். கருவிழியில் கீறல், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பார்வையைத் தொட்டிருக்கும் என்றார்கள். களிம்பு பூசிக் கட்டுப் போட அது ஆறியது.

பின்னேரம் டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, தன் சொல்லை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். முன் பாதிக்குக் காவல் காப்பது என்று அர்த்தமாம்; வீட்டு வாசலில் காவல்காரர் நிற்பாரே, அந்தக் காவல். பின் பாதிதான் பார்ப்பது. விலகாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது. எங்கள் தமிழில் அதற்கு ஒரு சொல் தேடினேன். தேடத் தேட, சொல் அதேதான், அதன் வால் மட்டும்தான் பிழை என்று தெரிந்தது.

அடுத்த முறை மோகன் அண்ணை கட்டிலில் படுத்ததும் சொன்னேன்: “அண்ணை, அண்டைக்கு அவர் சொன்னது பாப்பம் இல்ல. பாக்கிறம்.”

அவர் நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார். “பாக்கிறம்” என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். உதடு ஒட்டாமல் காற்றுப் போனது. “அப்பிடியெண்டால் சரி” என்றார்.

அன்றிலிருந்து நான் நோயாளி யாருக்கும் ‘பாப்பம்’ சொல்லவில்லை. பிள்ளைகளே, உங்கள் போன் அதைச் சொல்கிறதா என்று கவனியுங்கள். சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுங்கள்.

பிறகு நடந்தது பிடிவாதம், வேறு ஒன்றுமில்லை. உதட்டை ஒட்டிப் பிரிக்கிற சொற்களைப் பயிற்சிக்குக் கொடு என்றார் டொக்டர். கொரியப் பிள்ளைகள் சொல்கிற மா, பா எல்லாம் இவருக்கு எதற்கு என்று நான் ‘பம்பலப்பிட்டி’யைக் கொடுத்தேன். முதல் நாள் அது வெறும் காற்றாக வந்தது. “அடுத்த பஸ் ஹோல்ட்டுக்குப் போகேலாமல் கிடக்கு அக்கா” என்றார் அவர். “வெள்ளவத்தையிலேயே இறக்கி விட்டிட்டாங்கள்.” ஸ்டோரில் பெட்டி அடுக்கும்போதும் அதைச் சொல்வாராம். கீழே நிற்கிற பெண்கள், மேலே பஸ் ஓடுகிறது என்று பகிடி பண்ணுவார்களாம். ரயில் போனால் டொக்டரின் கை நிற்கும். அந்த இடைவெளியிலும் இவர் வாய் ஓயாது.

தீபாவளி வந்தது, போனது. அவர் மேலேதான் இருந்தார். இளம் பொடியன் நன்றாக விற்றானாம். அதற்குக் கொஞ்ச நாளுக்குப் பிறகு ஒரு காலையில் மோகன் அண்ணை படியேறி வந்து, “அக்கா, மூக்கடி அரிக்குது” என்றார். அரித்த இடத்தில் டொக்டர் விரலை வைத்து, சிரிக்கச் சொன்னார். கன்னத்தில் ஒரு நூல் இழுத்தது போல ஏதோ ஓடியது. அடுத்த கிழமைகளில் கண் மெல்ல மூடத் தொடங்கியது, நெற்றியில் ஒரு கோடு, உதடு ஒட்டியது. ஊசியால்தான் அது நடந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். நரம்பு தானாகவும் வளரும், தான் அதற்குப் பக்கத்தில் நிற்பது மட்டும்தான் என்று டொக்டரே சொல்வார்.

ஒரு கட்டத்தில் வளர்வது நின்றது. வாயோரம் ஒரு இறக்கம் போகவில்லை. சிரித்தால் அந்தப் பக்கக் கண் தானாகச் சுருங்கியது. பல கிழமை பார்த்த பிறகு டொக்டர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கூட்டாமல் குறைக்காமல் சொல்லச் சொன்னார். நான் சொன்ன மிகக் கஷ்டமான தமிழ் அதுதான்.

“அண்ணை, இனி வரக்கூடியது இவ்வளவுதான் போல எண்டு சொல்லுறார். கொஞ்சம் கூடலாம். ஆனா பழைய முகம் முழுசா வராது.”

மோகன் அண்ணை கட்டிலின் விளிம்பில் இருந்தார். கீழே ஒரு ரயில் போனது.

“வராது எண்டுதானே சொல்லுறார்? பிறகு பாப்பம் எண்டு இல்லையே?”

“இல்ல. வராது.”

“அப்ப நான் மேல இருந்து எதைக் காத்துக்கொண்டு இருக்கிறன்?”

நான் அதை மொழிபெயர்த்தேன். டொக்டர் ஹான் முக்காலியிலிருந்து எழுந்து, மோகன் அண்ணையின் குடையை எடுத்து, அவர் கையில் கொடுத்தார்.

அன்றே முதலாளியிடம் போய்க் கேட்டார் என்று பிறகு அறிந்தேன். முகம் சரியாகட்டும் என்று அவர் சொல்ல, “சரியாகாதாம் முதலாளி, டொக்டர் சொல்லிட்டார், இனி இதுதான் முகம். இதோட நான் விப்பனா மாட்டனா எண்டு சொல்லுங்கோ” என்றாராம். முதலாளி தாடையைச் சொறிந்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு நிற்கலாம், ஒரு கிழமை, பிறகு யோசிப்போம் என்றாராம்.

அந்தக் கிழமையில் ஒரு பின்னேரம் நானும் போனேன். தங்கையின் மகளுக்குச் சேலை எடுக்க என்று சொல்லிக்கொண்டேன்; எடுக்கத்தான் வேண்டியிருந்தது. முன் கவுண்டரின் ஒரு ஓரத்தில் மோகன் அண்ணை. மற்ற ஓரத்தில் அந்த இளம் பொடியன், அவனைச் சுற்றிக் கூட்டம். பணம் வாங்கும் மேசையில் முதலாளி. இவருக்கு முன்னால் ஒரே ஒரு வயதான அம்மா, காதுக்குப் பின்னால் கை வைத்துக்கொண்டு.

“என்ன தம்பி சொல்லுறீர்? விளங்கேல்லை.”

அவர் திரும்பச் சொன்னார். துணிக்குப் பின்னால் குரல் அமுங்கியது.

“அதைக் கழட்டிப் போட்டுக் கதையும். வாயைப் பாத்தால்தான் எனக்கு விளங்கும்.”

மோகன் அண்ணை முதலாளியின் பக்கம் திரும்பவில்லை. நான் திரும்பினேன், முதலாளி பேனையைப் பிடித்தபடி இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மோகன் அண்ணை முகக்கவசத்தைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சேலையைத் தோளில் போட்டார். கொய்யகத்தைப் பிடித்தார்.

“காஞ்சிபுரம் அம்மா. பட்டுப் பாவு, பட்டு ஊடை. பாருங்கோ.”

அம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு பக்கம் இறங்கியது, கண் சுருங்கியது, எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு சேலையின் விளிம்பைப் பெருவிரலால் தேய்த்தார்.

“இந்தக் கரை சாயம் போகாதோ?”

“போகாது அம்மா. போனால் என்னட்டைக் கொண்டு வாங்கோ.”

“முன்னமும் இந்தக் கடையில ஒராள் இப்பிடித்தான் சொல்லி ஏமாத்தினவர்.”

“அது நான்தான் அம்மா. சாயம் போனதெண்டால் நீங்கள் சோடாத் தூளில தோய்ச்சிருப்பியள்.”

அம்மா சிரித்தார். அந்த மரூனை எடும், மேல இருக்கிறதை எடும், அதுக்கு மேல என்று கேட்டுக்கொண்டே போனார். கவுண்டர் சேலையால் நிரம்பியது. மற்றப் பக்கத்தில் காத்திருந்த இரண்டு பெண்கள், விரித்த சேலையைப் பார்க்க மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். முதலாளி கணக்கு எழுதத் தொடங்கினார்.

கடைசியில் அம்மா ஒன்றும் வாங்கவில்லை. மகளோடு வாறன் என்று எழுந்து போனார்.

மோகன் அண்ணை விரித்த சேலைகளை மடிக்கத் தொடங்கினார். தலையை நிமிர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “உவ எடுக்க வரேல்லை அக்கா, நேரம் போக்காட்ட வந்தவ. காலைப் படியில வைக்கேக்குள்ளையே எனக்குத் தெரியும்” என்றார். பிறகு அந்த இரண்டு பெண்களைப் பார்த்து, சேலையை மறுபடி தோளுக்கு ஏற்றினார்.

“வாங்கோ அம்மா. ஆருக்குக் கலியாணம்?”